டீசேர்ட் அடிக்க முதல் வகுத்தல் படிப்பிப்போம்



அன்பின் ஊர் உறவுகளே,

மலேசியாவில் இருக்கும் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்க நம் ஊரிலிருந்து எட்டு ஆசிரியர்கள் போகிறோம் என்ற செய்தி வெளியே வந்ததிலிருந்து, இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்கள் சூடாகவே இருக்கின்றன. ஒரு பக்கம், "ஊர்ப் பிள்ளை கணக்கில W எடுக்குது, இவங்களுக்கு மலேசியா கேக்குதா?" என்கிறார்கள். மறுபக்கம், "ரமழான் லீவுக்குள்ள போயிட்டு வந்திருங்க, ஸ்பொன்சர் ரெடி, டீசேர்ட்டுக்கு சைஸ் அனுப்புங்க" என்கிறார்கள்.

முதல் பக்கத்தார் எங்களைப் போக வேண்டாம் என்கிறார்கள். இரண்டாம் பக்கத்தார் நாளைக்கே போ என்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த எட்டுப் பேரும் போய் நின்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை ஒரு டிக்கெட்டும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. போகிற எட்டுப் பேரும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முதல் பொறுமையாக வாசித்துவிட்டு வாருங்கள்.

முதலில், போக வேண்டாம் என்பவர்களுக்கு.

நீங்கள் சொல்வதில் உள்ள உண்மையை மறுக்கவில்லை. நாடு முழுக்க சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கணிதத்தில் சித்தியடைவதில்லை. வருடா வருடம் இதுதான் கதை. நம் ஊர் அதற்கு விதிவிலக்கு இல்லை. ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பயணப் பேச்சு வர முதல், ஊர்ப் பிள்ளையின் கணக்கைப் பற்றி இந்தக் குழுக்களில் எத்தனை பேர் எழுதினீர்கள்? பெற்றார் கூட்டத்துக்கு எத்தனை தகப்பன்மார் வந்தார்கள்? மாலை வகுப்புக்கு மின்விசிறி கேட்டு அலைந்தபோது எத்தனை பேர் கதவைத் திறந்தார்கள்? யாரோ வெளியே போகிறார்கள் என்றதும் மட்டும் ஊர்ப் பிள்ளை ஞாபகத்துக்கு வருவதென்றால், அந்த அக்கறையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. நம் சமூகத்தின் நவீனக் கல்வியே வெளியிலிருந்து வந்த ஒருவரின் கையும் உள்ளூரில் இருந்தவர்களின் கையும் சேர்ந்ததால் எழும்பியது. எகிப்திலிருந்து ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர் அறபி பாஷா. நாட்டை இழந்து, கைதியாக வந்த மனிதர். அவர் சித்தி லெப்பையோடும் வாப்பிச்சி மரைக்காரோடும் சேர்ந்து நின்றதால்தான் 1892இல் மருதானையில் ஸாஹிரா எழுந்தது. அவர் 1901 வரை இங்கே இருந்தார். பதினெட்டு வருடம். "எகிப்தில் பிள்ளைகள் படிக்காமல் இருக்க, இலங்கையில் உமக்கென்ன வேலை?" என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால், இன்று இந்தப் பதிவை வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்போம்?

ரோஹிங்யா மக்களின் நிலையை ஊருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் சொந்த மண்ணிலேயே நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். 2017இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஒரு படகு வந்து நின்றது. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர், நிறையக் குழந்தைகள். அன்று இதே குழுக்களில் எல்லோரும் துஆ எழுதினோம்.

மலேசியாவில் இருப்பவர்களின் நிலை வேறு மாதிரி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கைச்சாத்திடவில்லை. அதனால் அகதிப் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையில் இடமில்லை. தகப்பனுக்குச் சட்டப்படி தொழில் செய்யும் உரிமை இல்லை. கடை மேல்மாடியிலும் வாடகை வீட்டிலும் சமூகத்தவர்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் நிலையங்கள்தான் அந்தப் பிள்ளைகளின் பாடசாலை. அதில் படிப்பிக்கிறவர்களில் பலர் தாங்களே அகதிகள். அந்த இடத்தில் ஒரு நல்ல கணித ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. ஆகவே போவது தவறு என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை.

இப்போது, நாளைக்கே போ என்பவர்களுக்கு. உங்களோடுதான் எங்களுக்கு அதிகம் பேச இருக்கிறது. ஏனென்றால் காசு உங்களிடம் இருக்கிறது, நல்ல மனமும் இருக்கிறது, அவசரமும் உங்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் திட்டம் இது: ரமழான் விடுமுறையில் பத்து நாள், எட்டுப் பேர், ஒரே நிற டீசேர்ட், முன்னால் பிடிக்க ஒரு பெனர். கணித ஆசிரியர்களிடம் கொண்டுவந்த திட்டம் என்பதால் அதைக் கணக்காகவே செய்து பார்ப்போம்.

பத்து நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள். வரவேற்புக்கு ஒரு நாள், பிரியாவிடைக்கு ஒரு நாள். அவ்வளவு தூரம் போய் கோலாலம்பூரைப் பார்க்காமல் யாரும் வரப்போவதில்லை, அதற்கு ஒரு நாள். மிச்சம் ஐந்து. ரமழானில் நோன்போடு இருக்கும் பிள்ளைகளை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருத்தி வைக்க முடியாது. ஐந்து நாளுக்குப் பதினைந்து மணித்தியாலம். எட்டு ஆசிரியருக்கும் சேர்த்து 120 மணித்தியாலம். டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு இரண்டு இலட்சம் என்று வைத்தால் 16 இலட்சம். 16 இலட்சத்தை 120ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு 13,333 ரூபாய். ஊரில் எந்த டியூஷன் சேரும் கனவிலும் கேட்காத கட்டணம் இது. அந்தக் காசை அங்குள்ள நிலையத்துக்கே அனுப்பினால் அவர்கள் எத்தனை மாத வாடகை கட்டுவார்கள் என்று கேட்டுப் பார்த்தோமா?

"ஸதகாவைக் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று ஒரு பெரியவர் குரல் பதிவு போட்டிருந்தார். கொடுக்கிறவர் தன் மனதுக்குள் கணக்குப் பார்க்க வேண்டாம், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஊர்க் காசைக் கையில் வாங்கிச் செலவழிக்கிறவர் சதம் சதமாகக் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். அது அமானிதம்.

இந்தக் கரையோரத்துக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. நாம் வாங்கிய பக்கத்தில் இருந்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை குழுக்கள் வந்தன! சில குழுக்கள் மாதக் கணக்கில் நின்று கிணறு இறைத்தன, வீடு கட்டின, கூரை இல்லாத வகுப்பறையில் பாடம் நடத்தின. அவர்களை இன்றைக்கும் பெயர் சொல்லி நினைக்கிறோம். வேறு சில குழுக்கள் வந்து பலூன் ஊதி, பாட்டுப் படித்து, படம் எடுத்து, மூன்றாம் நாள் பஸ் ஏறின. அடுத்த கிழமை இன்னொரு குழு அதே பாட்டோடு வந்தது. உம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை கமராவுக்கு முன்னால் எத்தனை தரம் சிரித்தது என்று அந்தக் கூடாரங்களில் இருந்தவர்களைக் கேளுங்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்து படித்து வந்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் கையைப் பிடித்து எழுத வைத்தவர்கள் யார், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யார் என்று பிரித்துச் சொல்வார்கள். நமக்கு எது வலித்ததோ அதையே இன்னொரு சமூகத்தின் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?

இன்னும் நேராகச் சொல்கிறோம். நம் ஊர்ப் பிள்ளைக்கு முன்னால் ஓர் ஆசிரியர் நிற்க அரசாங்கம் என்ன கேட்கிறது? கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பு, அதன் பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பாடத்திட்டம் எழுதி, மேற்பார்வையாளர் பின்வாங்கில் இருந்து பார்த்து, திருத்தி, மறுபடி எழுதி, அதற்குப் பிறகுதான் நியமனம். சொந்த மொழி பேசும், சொந்த ஊர்ப் பிள்ளைக்கே இவ்வளவு. மொழி தெரியாத, நாடு இழந்த, பாதி வருடம் படித்துப் பாதி வருடம் வேலைக்குப் போன ஒரு பிள்ளைக்கு முன்னால் நிற்க ஒரு டீசேர்ட் போதுமா?

"நீங்கதான் ட்ரெய்னிங் எடுத்த ஆக்களாச்சே, இன்னும் என்ன தயாராகணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை வரிசையாகத் தருகிறோம்.

ஒன்று, மட்டம் பார்ப்பது. 52இலிருந்து 38ஐக் கழி என்றால் ஒரு பிள்ளை 26 என்று எழுதும். எட்டிலிருந்து இரண்டை எடுத்து ஆறு, ஐந்திலிருந்து மூன்றை எடுத்து இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைத்தான் எடுக்கலாம் என்று அந்தப் பிள்ளை தானாக ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கும் முறையைப் பத்துத் தரம் கத்திச் சொன்னாலும் ஏறாது. இடப்பெறுமானம் விளங்காத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஈர்க்கில் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுக்க வேண்டும். இன்னொரு பிள்ளை அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும். வேறொன்று 0.4ஐ விட 0.35 பெரிது என்று சொல்லும், 4ஐ விட 35 பெரிதல்லவா! ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் அங்கே பிரயோசனப்படுவார். ஒரே வகுப்பில் எட்டு வயதும் பதினைந்து வயதும் சேர்ந்திருக்கும் இடத்தில், தரம் 7 புத்தகத்தைத் திறந்து முதலாம் பாடம் என்று தொடங்கினால் கதை முடிந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற அமைப்பு இதைத்தான் இந்தியா முழுக்கச் செய்து காட்டியது. பிள்ளையின் வயதையோ வகுப்பையோ பாராமல், அதற்குத் தெரிந்த மட்டத்தைப் பார்த்துக் குழு பிரிப்பது. இலக்கம் அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுப்பது என்று சில நிமிடத்தில் முடியும் சிறிய சோதனை. பிறகு குறுகிய முகாம்கள். அந்த முறையை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். ஆகவே குறுகிய காலத்தில் ஒன்றுமே செய்ய முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்து, ஒரு முகாமுக்குப் பின் இன்னொன்று என்று தொடர்கிறவர்களால் முடியும். பெனரோடு போய் வருகிறவர்களால் முடியாது.

இரண்டு, மொழி. அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் ரோஹிங்யா பேசுகிறார்கள். தெருவில் மலாய் பழகியிருக்கிறார்கள். எங்கள் தமிழும் அரைகுறை ஆங்கிலமும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனால் கணித வகுப்புக்குத் தேவையான மலாய்ச் சொற்கள் அவ்வளவு அதிகமில்லை. கூட்டல் தம்பா, கழித்தல் தோலாக், பெருக்கல் டாராப், வகுத்தல் பஹாகி. டாராப் என்பது அறபு ளர்ப். நம் மத்ரஸாப் பிள்ளைக்கே தெரிந்த சொல். பஹாகி நம் "பாகம்" வந்த அதே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணவும், "ஏன் இப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லித் தா" என்று கேட்கவும் மூன்று மாதத்தில் பழகலாம். இலங்கையிலேயே மலாய் பேசும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மலாய் கோலாலம்பூர் மலாய் இல்லைதான், ஆனாலும் காது பழக அது போதும். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாத ஆசிரியர் அந்தப் பிள்ளையின் பிழையை எப்படிப் பிடிப்பார்?

மூன்று, உதாரணங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். பின்னம் படிப்பிக்க நம் ஊரில் நாங்கள் அடிக்கடி எடுப்பது பராயிழ் கணக்கு. இறந்தவரின் தாய்க்கு 1/6, மனைவிக்கு 1/8, இரண்டையும் கூட்டினால் 7/24, மிச்சம் 17/24 ஆண்மக்களுக்கு. பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். மார்க்கமும் கணிதமும் ஒன்றாகப் போகும். இதையே அங்கே கொண்டுபோகச் சொல்லி ஒரு ஆலோசனை வந்தது, நல்ல எண்ணத்தோடுதான். யோசித்துப் பாருங்கள். தகப்பனை இழந்து, காணியும் வீடும் எரிந்து, சொத்து என்று சொல்ல ஒரு பாய் கூட இல்லாத பிள்ளையிடம் "வாப்பா மௌத்தாகிவிட்டார், சொத்தைப் பிரி" என்று கணக்குக் கொடுப்பதா? "உன் பிறந்த திகதியிலிருந்து வயதைக் கணி" என்று பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளையிடம் கேட்பதா? கடைச் சாமானும் ரிங்கிட்டும் பஸ் நேரமும் வைத்துக் கணக்குகளைப் புதிதாக எழுத வேண்டும். ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை இது.

நான்கு, படம். தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். மலேசியாவில் ஆவணம் இல்லாத அகதியைக் கைது செய்து தடுப்பில் வைக்கலாம். அப்படிப்பட்ட குடும்பத்தின் பிள்ளை முகத்தை, நிலையத்தின் பெயரோடும் தெருவின் பெயரோடும் சேர்த்து நாம் பேஸ்புக்கில் போட்டால், அது யார் கண்ணுக்கெல்லாம் போகும்? நம் ஊரில் கிடைக்கும் இருநூறு "மாஷா அல்லாஹ்"வுக்காக ஒரு குடும்பத்தின் நித்திரையைப் பறிக்கலாமா? எட்டுப் பேரும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: பிள்ளைகளின் முகம் தெரியும் ஒரு படமும் எடுக்க மாட்டோம், அனுப்பவும் மாட்டோம். படம் வந்தால்தான் காசு தருவேன் என்கிறவர் இருந்தால், அவருடைய காசு எங்களுக்கு வேண்டாம். ரியா என்ற சொல்லை ஜும்ஆவில் கேட்கும்போது மட்டும் தலையாட்டிப் பிரயோசனம் இல்லை.

ஐந்து, அங்குள்ளவர்களிடம் கேட்பது. எந்த மாதம் வசதி? நிலையம் எப்போது மூடுகிறது? எந்தப் பாடவிதானம் வைத்திருக்கிறார்கள்? சுற்றுலா விசாவில் வந்து வகுப்பில் நிற்கலாமா, வேறு அனுமதி வேண்டுமா? இவற்றை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நம் விடுமுறை எப்போது என்று பார்த்துத் திகதி போடுவது, விருந்தாளி தனக்குப் பசிக்கும் நேரத்தில் அடுத்த வீட்டில் அடுப்பு மூட்டச் சொல்வது மாதிரி. முக்கியமாக, அங்கே வருடம் முழுக்க நிற்கும் ஆசிரியருக்கு நாம் என்ன விட்டுவிட்டு வருகிறோம்? நாம் வந்த பிறகும் பிள்ளைக்கு முன்னால் நிற்கப் போகிறவர் அவர்தான். அவரோடு பக்கத்தில் நின்று வகுப்பு எடுத்து, சோதனைத் தாள்களையும் குச்சிக் கட்டுகளையும் அவர் கையில் கொடுத்து, வந்த பின்னும் கிழமைக்கு ஒரு தரம் இணையத்தில் பேசிக்கொண்டிருந்தால்தான் போனதில் அர்த்தம் இருக்கும்.

இவ்வளவையும் எங்கே பழகுவது? இங்கேதான் முதல் பக்கத்தாருக்கும் இரண்டாம் பக்கத்தாருக்கும் சேர்த்துப் பதில் இருக்கிறது. நம் ஊரில், நம் பிள்ளைகளோடு.

எங்கள் திட்டத்தை வெள்ளிக்கிழமை நிர்வாக சபைக்கு முன்னால் வைக்கிறோம்.

1. மூன்று மாதம், கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், பள்ளிவாசல் மண்டபத்தில் இலவசக் கணித வகுப்பு. எட்டு ஆசிரியர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். தரம் 6, 7இல் கணக்கைக் கண்டால் ஓடுகிற எண்பது பிள்ளைகளை வகுப்பாசிரியர்கள் தெரிவு செய்து தரட்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

2. தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் ஒரு சோதனை. பத்துப் பிள்ளைகளில் ஏழு பேராவது ஒரு மட்டம் மேலே வரவில்லை என்றால் அந்த ஆசிரியர் போகவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் இதுதான் சட்டம். இங்கே வகுத்தல் ஏற்ற முடியாதவருக்கு விமானம் ஏறினால் மட்டும் அது வந்துவிடாது.

3. எட்டுப் பேர் போக வேண்டாம். மூன்று பேர் போகட்டும். பத்து நாள் வேண்டாம், நான்கு கிழமை. ரமழானில் வேண்டாம், அவர்கள் சொல்லும் மாதத்தில். மூவருக்கும் சம்பளமற்ற விடுமுறைக்கு முறைப்படி விண்ணப்பிப்போம். அனுமதி வராவிட்டால் பயணம் தள்ளிப் போகும், கள்ளமாகப் போக மாட்டோம். மிச்ச ஐந்து பேரும் அந்த மூவரின் பாடவேளைகளைப் பொறுப்பெடுப்போம். ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையும் குறையாது.

4. மூவரில் ஒருவராவது பெண் ஆசிரியையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் முதலில் வகுப்பை விட்டு நிற்பது பெண்பிள்ளைகள்தான். அவர்களின் உம்மாவோடு வீட்டு வாசலில் நின்று பேச ஒரு சகோதரி வேண்டும். மஹ்ரம் விடயத்தை உலமாக்களிடம் கேட்டு, கணவரோ சகோதரரோ கூடப் போவதென்றால் அந்தச் செலவும் கணக்கில் வரட்டும்.

5. கணக்கு: நான்கு கிழமைக்கு ஒருவருக்கு இரண்டரை இலட்சம் என்று வைத்தால் மூவருக்கு ஏழரை இலட்சம். இழக்கும் ஒரு மாதச் சம்பளம் ஆளுக்கு 60,000 என்று வைத்தால் 1,80,000. மொத்தம் 9,30,000. இருபது வேலை நாள், நாளைக்கு நான்கு மணித்தியாலம், மூன்று பேர், 240 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 3,875 ரூபாய். கூடப் போகிறவரின் செலவைச் சேர்த்தாலும் 12 இலட்சத்தைத் தாண்டாது. 16 இலட்சத்தில் மிச்சம் வரும் நான்கு இலட்சத்தில் பாதியை அங்குள்ள நிலையத்துக்கும், பாதியை இந்த எண்பது பிள்ளைகளின் வகுப்புக்கும் கொடுங்கள். ஒவ்வொரு ரூபாயின் கணக்கும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

6. டீசேர்ட் இல்லை. பெனர் இல்லை. வழியனுப்பு விழாவும் இல்லை.

இதைச் சொன்னதற்காக எங்களைப் பெருமைக்காரர் என்பார்கள். போகப் பயந்து சாட்டுச் சொல்கிறார்கள் என்பார்கள். ஸ்பொன்சர் மனம் மாறிவிடுவார் என்று சிலர் இப்போதே பயப்படுகிறார்கள். மூன்று மாதம் பொறுக்க முடியாத ஸ்பொன்சர் பிள்ளைகளுக்காகத் தருகிறாரா, படத்துக்காகத் தருகிறாரா என்று அவரிடமே மரியாதையோடு கேட்போம். நம் ஊர்ச் செல்வந்தர்களை நாங்கள் அறிவோம். விளங்கச் சொன்னால் விளங்கிக் கொள்கிறவர்கள்தான் அதிகம்.

போக வேண்டாம் என்றவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். எண்பது பிள்ளைகளுக்கு இருபத்துநான்கு நாள் மாலைத் தேநீர் யார் தருவது? டியூஷன் முடிந்து வரும் பிள்ளையை இருட்ட முதல் வீட்டில் கொண்டுபோய் விட யாரிடம் முச்சக்கரவண்டி இருக்கிறது? ஈர்க்கில் கட்டுக் கட்டித் தர எந்த உம்மாமார் வருவார்கள்? ஊர்ப் பிள்ளைக்காகத்தான் பேசினீர்கள் என்றால் இந்த மூன்று மாதமும் உங்களுக்குரியது. பெயரைக் கீழே எழுதுங்கள்.

கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் மண்டபத்தில். சகோதரிகளுக்கு மேல் மாடியில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எதிர்த்துப் பேச இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். வட்ஸ்அப்பில் சொன்னதை முகம் பார்த்துச் சொல்லுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறோம். வகுப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டிய பிள்ளையின் பெற்றார், பிள்ளையின் கடைசித் தவணைக் கணித விடைத்தாளையும் கொண்டுவாருங்கள். புள்ளி எத்தனை என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பிழை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறோம்.

அல்லாஹ் நம் எல்லோரின் நிய்யத்தையும் சீராக்குவானாக.

வஸ்ஸலாம்.